நல்ல சேவல் போய்விட்டால்: வீட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்ட கம்பங்களிலும் (கிராமங்களிலும்) இன்னும் பல வீடுகளில் பின்பக்கம் நாட்டுக்கோழி மேய்கிறது. எட்டுப் பத்துப் பெட்டை, அவற்றுக்கு ஒரு சேவல். பெட்டை ஒன்று போனால் வருத்தப்படுவோம், அப்புறம் சரியாகிவிடும். அந்த ஒரு சேவல் போனால் கூட்டத்தின் நடப்பே மாறிவிடும். அதுவும் பிள்ளைகளைக் கொத்தாத, பெட்டைகளைக் காயப்படுத்தாத, பருந்து தெரிந்தால் முதலில் சத்தம் கொடுக்கிற சேவலாக இருந்தால் அதற்கு ஈடு தேடுவது லேசான காரியம் இல்லை.

இது பற்றி இங்கே கோழி வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: சேவல் போன அன்றே ஓடிப்போய் இன்னொன்றை வாங்கிவந்து கூட்டில் விடாதீர்கள். எப்படிப் போனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, அதன் வித்து இருக்கும் முட்டைகளைக் காப்பாற்றுங்கள். புதுச் சேவல் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் புதுச் சேவலும் போகும், பழைய சேவலின் வித்தும் போகும்.

காலையில் போய்ப் பார்த்தால் சேவல் செத்துக் கிடக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வெறுங்கையால் தூக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். தூக்குவதற்கு முன் கிடக்கும் நிலையிலேயே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள், பிறகு யாரிடமாவது காட்டிக் கேட்க உதவும். மற்றக் கோழிகளை வெளியே விடாமல் எண்ணுங்கள். ஏதாவது ஒன்று சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் விஷயம் வேறு, காயம் இல்லாத சாவைப் பற்றிய கேள்விக்குப் போங்கள்.

எது அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உடல் கிடக்கும் இடமும் இறகு கிடக்கும் விதமுமே முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிடும்.

ராத்திரியில் நடந்து, கழுத்திலோ தலையிலோ கடி இருந்து, கூட்டுக்குள்ளும் வெளியிலும் கொஞ்சம் இறகு சிதறியிருந்தால் பெரும்பாலும் மூசாங் என்கிற மரநாய். செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளில் இதுதான் முதல் சந்தேகம். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக இறங்கும். நாம் கீழே மட்டும் அடைத்துவைப்போம், அது மேலே வரும். புள்ளிபோட்ட காட்டுப்பூனையும் செம்பனைத் தோட்டங்களில் உண்டு, அதுவும் கழுத்தைத்தான் பிடிக்கும்.

சேவல் சுத்தமாகக் காணவில்லை, இறகுகூட இல்லை, கதவும் திறக்கவில்லை என்றால் மலைப்பாம்பு. சில சமயம் விழுங்கிவிட்டு, உள்ளே வந்த ஓட்டை வழியாக வெளியே போக முடியாமல் கூட்டு மூலையிலேயே சுருண்டு கிடக்கும். அதனால் இருட்டான மூலையில் கையை விடுவதற்கு முன் விளக்கடித்துப் பாருங்கள். விழுங்க முடியாமல் விட்டுப் போன கோழி என்றால் தலையும் கழுத்தும் எச்சிலில் நனைந்து, இறகு ஒட்டிக் கிடக்கும். உடம்பில் பெரிய காயம் இருக்காது.

பட்டப்பகலில், ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் அங்கங்கே செத்துக் கிடக்கின்றன, எதையும் தின்னவில்லை, இறகு முற்றம் முழுக்கப் பறக்கிறது என்றால் அது நாய். நாய் பசிக்காகக் கொல்வதைவிட விரட்டி விளையாடிக் கொல்வதுதான் அதிகம். இப்படி ஒரு காட்சியில் சேவல் நடுமுற்றத்திலும் பெட்டைகள் வேலி ஓரத்திலும் கிடந்தால், அது ஓடாமல் எதிர்த்து நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உடும்பு பகலில் வரும், ஆனால் அதற்கு முட்டையும் குஞ்சும்தான் வேண்டும். பருந்தும் அப்படித்தான், வளர்ந்த சேவலைத் தூக்குவது அரிது. எலி பெரிய கோழியைக் கொல்லாது, குஞ்சைக் கொண்டுபோகும்.

கொக்கி ஒழுங்காகக் கழற்றப்பட்டு, இறகு இல்லாமல், சேவல் மட்டும் காணாமல் போயிருந்தால் அது மனித வேலை. பண்டிகை நெருங்கும்போது கம்பத்துக் கோழியின் விலை ஏறும், அப்போது இது நடக்கும். பார்க்கச் சண்டைச் சேவல்போல மிடுக்காக இருக்கும் சேவலுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மிருகங்களைச் சண்டைக்கு விடுவது 2015ஆம் ஆண்டு மிருக நலச் சட்டப்படி குற்றம் என்றாலும், அதற்காகத் தேடித் திரிபவர்கள் இருக்கிறார்கள். போலீசில் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஒரு கோழிக்காகவா என்று யோசிக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் இதே மாதிரி போன மற்ற வீடுகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

பாம்போ மூசாங்கோ என்று தெரிந்துவிட்டது. அடித்துப் போட்டுவிடலாமா?

வேண்டாம். மலைப்பாம்பு, உடும்பு, காட்டுப்பூனை இவை எல்லாம் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. பாம்பு கூட்டிலேயே இருந்தால் 999ஐ அழைத்தால் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொண்டு போகும். பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்கினால் கடி வாங்குவது நீங்கள்தான். தவிர, செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சம் இல்லை. இந்தப் பாம்பைக் கொன்றால் அந்த எலிகளுக்காக இன்னொன்று வரும். வந்த வழியை அடைப்பதுதான் பரிகாரம்.

அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். நாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் வைத்த பற்றவைத்த கம்பிவலையை வாங்குங்கள். கூரையோரத்தையும் சேர்த்து அடையுங்கள். அடியில் ஓர் அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் பதித்துவிட்டால் தோண்டி வருவதும் நின்றுபோகும். கொக்கிக்குப் பதில் பூட்டு. இதெல்லாம் முடியாமல் புதுச் சேவலை உள்ளே விடாதீர்கள், அடித்தது அதே வழியில் திரும்பி வரும்.

உடம்பில் காயமே இல்லை. அப்படியென்றால்?

மூன்று காரணங்களை யோசியுங்கள்: வெயில், விஷம், நோய்.

நல்ல வெயில் நாளில் மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை விரித்துக்கொண்டு நின்ற சேவல் சாயங்காலம் செத்துக் கிடந்தால் வெயில். கோழிக்கு வியர்க்காது, வாய்வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். கொழுத்த சேவல் சீக்கிரம் விழும். தகரக் கூரை போட்ட தாழ்வான கூடுகளில் இது அதிகம்.

விஷம் என்றால் எலிமருந்தை முதலில் நினையுங்கள். செம்பனை மரத்தடியில் வைக்கும் எலிமருந்துக் கட்டிகளை மேயப் போன கோழி கொத்திவிடும். சேவல் புதிதாக எது கிடைத்தாலும் முதலில் கொத்திப் பார்த்துப் பெட்டைகளைக் கூப்பிடும் பிராணி, அதனால் அதற்கே முதல் ஆபத்து. கொண்டை வெளுத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் தெரிந்தால் சந்தேகப்படலாம். களைக்கொல்லி அடித்த வரிசைகளும் ஆபத்துதான். பாராகுவாட் 2020 சனவரி முதல் மலேசியாவில் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது, ஆனாலும் மற்ற மருந்துகள் அடிக்கப்படுகின்றன. மருந்தடிக்கும் நாளைத் தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றும் அடுத்த சில நாட்களும் கோழியை அடைத்துவையுங்கள்.

நோய் என்றால் சேவலோடு நிற்காது. பச்சையாகக் கழிதல், கழுத்துத் திருகிக்கொள்ளுதல், மூச்சுத் திணறல், கால் இழுத்தல் எல்லாம் வெள்ளைக்கழிச்சலின் அடையாளங்கள். மலாய்க்காரர்கள் சம்பார் என்பார்கள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் வரிசையாக விழும். குஞ்சிலேயே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, சொன்ன இடைவெளியில் திரும்பத் திரும்ப விட்டால் தடுத்துவிடலாம். நம் நாட்டுக்கும் இந்த நோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு: கம்பத்துக் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்தே கொடுக்கக்கூடிய, வெப்பம் தாங்கும் வி4 வகைத் தடுப்புமருந்தை 1980களில் செர்டாங்கில் இருக்கும் விவசாயப் பல்கலைக்கழகத்தில்தான், இப்போதைய புத்ரா பல்கலைக்கழகத்தில்தான், சோதித்துப் பார்த்தார்கள்.

ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ பல கோழிகள் திடீரெனச் செத்தால் தாமதிக்காமல் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானில் வந்தது, 2006இல் நம் பேராக்கிலும் வந்தது. சொன்னால் எல்லாக் கோழியையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கிறது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் சொல்லாமல் மறைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து ஆபத்து.

செத்த சேவலைச் சமைக்கலாமா?

கூடாது. காரணம் நிச்சயமாகத் தெரியாத எந்தக் கோழியையும் சமைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள்.

எங்கே புதைப்பது?

குறைந்தது இரண்டு மூன்று அடி ஆழம், கிணறு, ஓடை, சாக்கடை எதற்கும் அருகில் வேண்டாம். மேலே சுண்ணாம்பு தூவி மூடுங்கள். கல்லோ பலகையோ மேலே வைத்தால் நாயும் மூசாங்கும் தோண்டாது. செம்பனை வரிசைக்குள் வீசுவது, ஆற்றில் விடுவது இரண்டும் தவறு. வீசிய இடத்துக்கு ருசி கண்டு வருவது அடுத்து உங்கள் கூட்டுக்குத்தான் வரும்.

சேவல் இல்லாமல் பெட்டைகள் முட்டை இடுமா?

இடும். முட்டை இடச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. ஆனால் ராத்திரியில் தாக்குதல் நடந்திருந்தால் பயத்தில் சில நாள் நிறுத்திவிடும், சில பெட்டைகள் இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். தண்ணீர், தீவனம், இருட்டுவதற்குள் அடைப்பது, இவற்றை மாற்றாமல் வைத்திருந்தால் திரும்ப வந்துவிடும்.

அந்தச் சேவலின் குஞ்சு இனிமேல் கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெட்டைக்கோழியின் உடம்பில், முட்டை வரும் பாதையில், சேவலின் விந்தைச் சேர்த்துவைக்கும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. ஒருமுறை மிதித்தது பல நாளைக்குப் போதும். அதனால் சேவல் போன பிறகும் முதல் ஒரு வாரத்து முட்டைகள் பெரும்பாலும் கருவுள்ளவையாகவே இருக்கும். பத்து நாளுக்கு மேல் குறைய ஆரம்பிக்கும். இரண்டு வாரம் தாண்டிச் சில முட்டைகள் கிடைக்கலாம், மூன்று வாரத்துக்குப் பிறகு நம்பாதீர்கள்.

ஆகவே துக்கத்தில் உட்கார்ந்துவிடாமல் அன்றைக்கே முட்டையை எடுக்க ஆரம்பியுங்கள். அந்த முட்டைகளைப் பொரித்துச் சாப்பிட வேண்டாம். பென்சிலால் தேதி எழுதுங்கள், எந்தப் பெட்டை இட்டது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். கழுவாதீர்கள். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் காப்புப் படலம் போய்விடும். கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள்.

நம் ஊர் வெயிலில் ஒரு சிக்கல் உண்டு. கிட்டத்தட்ட 20, 21 பாகைக்கு மேல் வெப்பம் இருந்தால் முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். அடைக்கு வைக்கும் அளவுக்குச் சூடு இல்லாததால் பாதியில் நின்று செத்தும் போகும். 15 முதல் 18 பாகை இருந்தால் ஒரு வாரம் தாங்கும், ஆனால் அந்தக் குளிர்ச்சி நம் வீடுகளில் ஏது? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது அளவுக்கு மீறிய குளிர், கரு போய்விடும். வீட்டிலேயே குளிர்ச்சியான சிமெண்டுத் தரை மூலையில் வைத்து, நான்கைந்து நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். அதற்குள் எத்தனை சேர்ந்ததோ அத்தனை போதும். அடுத்த நான்கைந்து நாள் முட்டையை வேறொரு தடவையாக வையுங்கள்.

உங்களிடம் அடைக்கோழி இல்லை என்றால் கம்பத்தில் யாரிடமாவது கண்டிப்பாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டை கொடுத்து, பொரிப்பதில் பாதி உங்களுக்கு என்று பேசிக்கொள்வது இங்கே பழைய வழக்கம். மின்பொரிப்பான் என்றால் 37.5 பாகையை ஒட்டி வைத்து, 18ஆம் நாள் வரை தினமும் பல தடவை திருப்புங்கள். ஏழாம் நாள் இருட்டறையில் கைப்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் வெளிச்சத்துக்குள் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து நூல் நூலாகப் பிரியும் ரத்தக் குழாய்களும் தெரியும். அது அந்தச் சேவலின் குஞ்சு. ஒன்றுமில்லாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரியும், பாதிக்குப் பாதி சேவலாக வரும்.

இதனால்தான் புதுச் சேவலை உடனே விடாதீர்கள் என்கிறேன். புதிதாக மிதித்த சேவலின் விந்தே அதிகம் வேலை செய்யும். இரண்டு மூன்று நாளிலேயே எந்த முட்டை யாருடையது என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

சேவல் போனதிலிருந்து ஒரு பெட்டை கூவுகிறது. கெட்ட சகுனம், அறுத்துவிடு என்கிறார் மாமியார்.

அறுக்க வேண்டாம். சேவல் இல்லாத கூட்டத்தில் மூத்த பெட்டை அந்த இடத்தை எடுத்துக்கொள்வது இயல்பு. மற்றதைக் கொத்தி அடக்கும், காவல் பார்க்கும், சிலது கரகரவென்று கூவவும் செய்யும். சினைப்பை கெட்டுப்போன பெட்டைக்கும் உடம்பில் மாற்றம் வந்து கூவுவது உண்டு, அது முட்டை இடாது. பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும் என்று பெண்களை அடக்கச் சொன்ன சொலவடையை வைத்து ஒரு முட்டைக்கோழியின் உயிரை எடுப்பது நியாயம் இல்லை. புதுச் சேவல் வந்ததும் பெரும்பாலும் தானே நின்றுவிடும். மாமியாரிடம் ஒரு மாதம் பார்க்கலாம் அத்தை என்று தவணை கேளுங்கள்.

இனி சேவலே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

முட்டை மட்டும் போதும், தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வரிசை வீடு, பக்கத்து வீட்டார் சத்தத்துக்குக் கோபிக்கிறார்கள் என்றால் விட்டுவிடலாம். வரிசை வீடுகளில் கோழி வளர்க்கவே நகராண்மைக் கழகம் அனுமதிக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கோழி திறந்து மேய்கிற தோட்டத்து வீட்டில் சேவல் இல்லாதது பெரிய குறை.

ஒரு நல்ல சேவலைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேயும்போது அதன் தலை அடிக்கடி நிமிரும், ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். பருந்து தெரிந்தால் மெல்லிய நீளமான கீச்சொலி ஒன்றை மட்டும் கொடுக்கும். பெட்டைகள் எதையும் திரும்பிப் பார்க்காமல் செடிக்கு அடியில் ஒடுங்கும். நாயோ பாம்போ தெரிந்தால் வேறு சத்தம், கொக்கொக்கென்று உரக்க விடாமல் கத்தும். அப்போது பெட்டைகள் ஒடுங்காது, நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்க்கும். வானத்து ஆபத்துக்கு ஒன்று, தரை ஆபத்துக்கு ஒன்று என்று இரண்டு சத்தத்தையும் கோழிகள் பிரித்து அறிகின்றன என்பதைப் பறவை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கரையான் புற்றைக் கிளறிவிட்டால் அது செய்வது இன்னும் அழகு. ஒரு பூச்சியை அலகில் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், போடும், குக் குக் குக் என்று கூப்பிடும். பெட்டை ஓடிவந்து தின்ற பிறகுதான் தனக்கு. முட்டையிட இடம் தேடும் இளம் பெட்டையைக் கூட்டிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து காட்டும். பெட்டைகளுக்குள் சண்டை வந்தால் நடுவில் போய் நிற்கும். இதையெல்லாம் ஒரு வேலியோ பூட்டோ செய்யாது.

பிள்ளைகள் அழுகிறார்கள். ஒரு கோழிக்கு இவ்வளவா என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

அழட்டும். பொரித்த நாள் முதல் கையில் தீவனம் கொடுத்து வளர்த்த உயிர் அது. லயத்து வீடுகளில் சம்பளம் போதாத காலத்தில் முட்டையும் கோழியும்தான் பள்ளிச் செலவுக்குக் கைகொடுத்தன, நம் பாட்டிமார் அந்தக் கோழிகளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உயிரை மதிப்பதில் சிரிக்க ஒன்றும் இல்லை. புதைக்கும்போது பிள்ளைகளையும் கூப்பிடுங்கள் (நோயில் செத்தது என்றால் தள்ளி நிற்க வையுங்கள்). தேதி எழுதும் வேலையையும், ஏழாம் நாள் முட்டைக்குள் விளக்கடித்துப் பார்க்கும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள்.

முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. திருவிழாவுக்கு முன்னால் செத்துவிட்டது. குற்றமாகுமா?

பூசாரியிடம் நடந்ததைச் சொல்லி, வேறு சேவல் கொடுக்கலாமா, பொங்கலும் பூசையும் போதுமா என்று கேளுங்கள். நான் பார்த்த தோட்டத்துக் கோயில்களில் பூசாரிகள் இதில் பிடிவாதம் பிடிப்பதில்லை. என் கருத்து ஒன்றையும் சொல்கிறேன்: கூட்டத்தை நடத்தும் சேவலை நேர்ந்துவிடாதீர்கள். அதன் குஞ்சுகளில் ஒன்றை நேர்ந்துகொள்ளுங்கள்.

அதன் மகனையே வைத்துக்கொள்ளலாமா, வெளியிலிருந்து வாங்க வேண்டுமா?

குணம் வாரிசாக வரும், அதனால் மகன் நல்ல தேர்வு. ஆனால் அவன் தாயையும் உடன்பிறந்த பெட்டைகளையும் மிதிப்பான். ஒரு தலைமுறைக்குப் பெரிய கேடு வராது. அடுத்தடுத்துத் தொடர்ந்தால் பொரிப்பது குறையும், குஞ்சு சவலையாகும். எளிய வழி, உங்கள் சேவலின் முட்டைகளில் சிலவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் பொரிக்கக் கொடுத்து, அவர்கள் வீட்டுச் சேவல் குஞ்சு ஒன்றை வாங்கிக்கொள்வது. இரண்டு வீட்டிலும் வித்து நிற்கும், ரத்தமும் மாறும். நாளைக்கு உங்கள் வீட்டில் மறுபடி ஏதாவது நடந்தால் அங்கே கேட்டு வாங்கலாம்.

கூட்டத்தில் ஏற்கெனவே இரண்டாவது சேவல் இருந்தால் அது உடனே தலைமைக்கு வந்துவிடும். சப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இதைக் காட்டினார்கள்: விடியற்காலையில் முதலில் கூவுவது தலைமைச் சேவல்தான், மற்றவை அதன் பின்னால் வரிசைப்படி கூவும், தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் அடுத்தது முதலில் கூவத் தொடங்கும். அந்த இரண்டாவதை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். தலைவன் முன்னால் அடங்கிக் கிடந்ததன் உண்மைக் குணம் இப்போதுதான் வெளியே வரும், ஒரு மாதம் பாருங்கள்.

காட்டுச் சேவல் ஒன்று வந்து பெட்டைகளோடு மேய்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டியும் செம்பனை ஓரங்களிலும் அவை தானாகவே வந்து போகும், பெட்டையை மிதிக்கவும் செய்யும். அந்தக் குஞ்சுகள் அழகாக இருக்கும், ஆனால் மிரண்டு பறக்கும், கூட்டில் தங்காது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தையும் வாலையும் கடைசியில் பாருங்கள். முதலில் அது இருக்கும் வீட்டுக்கே போய், அங்கே இருக்கும் பெட்டைகளைப் பாருங்கள். முதுகு இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் ஒன்று, பெட்டை போதவில்லை, இல்லாவிட்டால் சேவல் முரடு. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை சரியான கணக்கு. வீட்டுக்காரர் தீவனம் போடும்போது சேவல் தானே முண்டியடித்துத் தின்கிறதா, கூப்பிட்டுக் கொடுக்கிறதா என்று கவனியுங்கள். ஆள் பக்கத்தில் போனால் சிறகைச் சாய்த்துப் பக்கவாட்டில் ஆடி வருகிறது என்றால் அது மோதும், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

கொண்டை சிவந்து, கண் தெளிவாக, மூக்கில் சளி இல்லாமல், கால் செதில் படிந்து இருக்க வேண்டும். செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் பூச்சி. ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு மாதம் முதல் இரண்டு வயது வரை நல்ல பருவம். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூடையில் அடைத்து விற்கும் சேவலை நான் வாங்கமாட்டேன், அது எங்கே எதோடு நின்றது என்று யாருக்கும் தெரியாது.

கொண்டுவந்த பிறகு எப்படிச் சேர்ப்பது?

மூன்று நான்கு வாரம் தனிக் கூட்டில், பழைய கோழிகளுக்குக் காற்றுப் படாத தூரத்தில். தண்ணீர்ப் பாத்திரம் தனி, முதலில் பழைய கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள், வந்து கைகால் கழுவுங்கள். தடுப்பு மருந்தும் குடல்புழு மருந்தும் இந்த நாட்களிலேயே முடிந்துவிட வேண்டும். பழைய சேவலின் முட்டை சேர்க்கும் காலமும் இதற்குள் முடிந்துவிடும், இரண்டு வேலையும் ஒரே காத்திருப்பில் நடக்கும்.

பிறகு ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக, பார்க்கலாம், தொட முடியாது. அப்புறம் ஒரு சாயங்காலம், தீவனத்தை நாலைந்து இடத்தில் சிதறவிட்டு, கதவைத் திறந்துவிடுங்கள். பெட்டைகள் முதலில் கொத்தும். இளஞ்சேவல் என்றால் மூத்த பெட்டை இரண்டு நாள் ஓடஓட விரட்டும், அதற்காகப் பிரிக்காதீர்கள். ரத்தம் வந்தால் மட்டும் பிரித்து, காயத்தை மூடி, சில நாள் கழித்து மறுபடி விடுங்கள். பத்து நாளுக்குப் பிறகும் சேவல் மூலையிலேயே நின்றால், விரட்டும் அந்த ஒரு பெட்டையைப் பிடித்து நாலு நாள் தனியாக அடைத்துவைத்துத் திரும்ப விடுங்கள். திரும்பி வரும்போது கூட்டத்தில் அது புதிது, சேவல் பழையது.